ஹாங்காங்கில் பார்சியர்

பிறந்த நாட்டை விட்டு வேற்று நாடு புகுந்து வாழும் மக்கள் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர். வறுமையினால் சென்றவர் சிலர். வாணிகத்தின் பொருட்டுச் சென்றவர் சிலர். கொடுமைக்கு அஞ்சிச் சென்றவர் சிலர். சென்ற இடத்தில் பெருந்தொகையினராக இருப்போர் தம் எண்ணிக்கையாலேயே மதிப்புப் பெறுவர். மிகச் சிலராக இருப்போர்க்கு அவ்வலிமை இல்லை. அவர்கள் அவ்வூர் மக்களோடு எவ்வாறு பழகினர், ஈட்டிய பொருளை எவ்வழியில் செலவிட்டனர் என்பவற்றைக் கொண்டே வரலாறு அவர்களை மதிப்பிடுகின்றது.

சீனத்தின் தென்கரையில் உள்ள ஹாங்காங் நகரில் இன்று ஏறத்தாழ 75 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் பார்சியர் ஏறக்குறைய இருநூற்றுவரே. ஆயினும் அந்நகரத்து மக்கள் கடலைக் கடக்கும் படகிலும், கல்வி பயிலும் பல்கலைக்கழகத்திலும், நோய் தீர்க்கும் மருத்துவமனையிலும் இச்சிறு கூட்டத்தாரின் கைவண்ணம் விளங்குகின்றது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, அவர்களுடைய பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பார்சியரின் முன்னோர் பாரசீக நாட்டினர். ஜரதுஷ்டிரர் என்னும் ஞானியின் வழிநின்றவர். அகுர மஸ்தா என்னும் ஒரே இறைவனை வணங்கி, ஒளியின் சின்னமாகத் தீயைப் போற்றுபவர். நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் என்னும் மூன்றே அவர்தம் சமயத்தின் சாரம். பாரசீகத்தை ஆண்ட சாசானியப் பேரரசு 651ஆம் ஆண்டில் வீழ்ந்தது. அதன்பின் தம் சமயத்தைக் காத்துக்கொள்ள விரும்பியோருள் ஒரு பகுதியார் மரக்கலம் ஏறிக் குசராத்துக் கரையை அடைந்தனர். சஞ்சான் என்னும் ஊர் அவர்களுடைய முதற் குடியிருப்பாயிற்று.

அவர்கள் அடைக்கலம் வேண்டியபோது நிகழ்ந்ததாக ஒரு கதை வழிவழியாகக் கூறப்பட்டு வருகின்றது. அந்நாட்டு மன்னன் விளிம்புவரை பால் நிறைந்த கிண்ணம் ஒன்றை அவர்களுக்கு அனுப்பினானாம். நாடு மக்களால் நிரம்பியுள்ளது, இனி இடமில்லை என்பது அதன் குறிப்பு. பார்சியரின் குரு அப்பாலில் ஒரு சொட்டும் சிந்தாதவாறு சிறிது சருக்கரையை இட்டுத் திருப்பி அனுப்பினாராம். பாலில் கரைந்த சருக்கரைபோல், இடத்தை அடைத்துக் கொள்ளாமல் இனிமை மட்டும் சேர்ப்போம் என்பது அவர் விடை. கதை உண்மையோ அன்றோ, பார்சியர் அதனைத் தம் வாழ்க்கைக்குரிய நெறியாகவே கொண்டு தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்துள்ளனர்.

குசராத்தில் பல நூற்றாண்டுகள் உழவராகவும், நெசவாளராகவும், தச்சராகவும் வாழ்ந்த பார்சியர், ஆங்கிலேயர் பம்பாயில் துறைமுகம் அமைத்தபின் அங்குக் குடியேறினர். வாடியா என்னும் குடும்பத்தினர் பம்பாய்க் கப்பல் தளத்தில் தேக்கு மரத்தால் வலிமை மிக்க கப்பல்களைக் கட்டிப் புகழ் பெற்றனர். வேறு பலர் வணிகத்தில் இறங்கினர். சீனத்துக்கு முதன்முதல் சென்ற பார்சி வணிகர் 1756ஆம் ஆண்டில் பயணம் செய்த ஹீர்ஜி ஜீவன்ஜி என்பர். அவரைப் பின்பற்றிப் பலர் கீழ்த்திசைக் கடலில் கலம் செலுத்தினர்.

அந்நாளில் சீனப் பேரரசு மேலைக்கடல் வழியே வந்த வணிகர்க்குக் காண்டன் துறைமுகம் ஒன்றையே திறந்துவிட்டிருந்தது. இன்று அந்நகர் குவாங்சோ எனப்படும். அங்கும் வணிகப் பருவத்தில் மட்டுமே அவர்கள் தங்கலாம். மனைவி மக்களை அழைத்து வருதல் கூடாது. பருவம் முடிந்ததும் அருகிலிருந்த மக்காவுக்குச் செல்லுதல் வேண்டும். இத்தகைய கட்டுப்பாடுகளுக்கிடையே பார்சியர் வாணிகம் நடத்தினர். வெண்ணிறத் தலையணி அணிந்திருந்தமையால் சீனர் அவர்களை 'வெண்தலையர்' என்று அழைத்தனர்.

பார்சியர் சீனத்துக்குக் கொண்டுசென்ற பொருள்களுள் பருத்தி ஒன்று, அபின் மற்றொன்று. திரும்பி வரும்போது தேயிலையும் பட்டும் கொணர்ந்தனர். இவற்றுள் பேரூதியம் தந்தது அபினே. ஆங்கிலேய வணிகரும் பார்சி வணிகரும் இந்திய அபினைச் சீனத்தில் விற்றுப் பெருஞ்செல்வர் ஆயினர். சீன அரசு அதனைத் தடை செய்திருந்தும் வாணிகம் மறைவாக நடைபெற்றது. அப்பழக்கத்திற்கு ஆளான சீனர் உடலும் பொருளும் இழந்தனர். பல குடும்பங்கள் சீரழிந்தன. 1839ஆம் ஆண்டில் சீனப் பேரரசரின் ஆணையாளர் லின் சேசூ, அயல்நாட்டு வணிகரிடமிருந்து 20,000 பெட்டிகளுக்கு மேற்பட்ட அபினைக் கைப்பற்றி அழித்தார். பார்சியர்க்குரிய அபினும் அதில் அடங்கும். அதனைக் காரணமாகக் கொண்டு ஆங்கிலேயர் சீனத்தின்மேல் போர் தொடுத்து வென்றனர். 1842ஆம் ஆண்டில் கையொப்பமான நான்கிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவ்வுடன்படிக்கை கையொப்பமான போர்க்கப்பலின் பெயர் கார்ன்வாலிஸ். அது 1813ஆம் ஆண்டில் பம்பாய்த் தளத்தில் பார்சிகளாகிய வாடியாக்கள் கட்டிய கப்பலாகும்.

இவ்வாறு ஹாங்காங்கின் தோற்றத்திலேயே பார்சியர் தொடர்பு அமைந்துவிட்டது. அத்தொடர்பில் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. ஒன்றை மட்டும் கூறி மற்றொன்றை மறைத்தல் வரலாறு ஆகாது.

புதிய நகரில் பார்சியர் கடைகளும் கிடங்குகளும் அமைத்தனர். 1852ஆம் ஆண்டில் ஹேப்பி வேலி என்னும் பள்ளத்தாக்கில் தமக்கென இடுகாட்டு நிலம் ஒன்றைப் பெற்றனர். பம்பாயில் பார்சியர் இறந்தோரைப் புதைப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை. அமைதிக் கோபுரம் என்னும் உயர்ந்த கட்டடத்தில் உடலைக் கிடத்திப் பறவைகளுக்கு விடுதல் அவர்தம் மரபு. சீனக் கரையில் அத்தகைய கோபுரம் இல்லாமையால் இறந்தோரை மண்ணில் அடக்கம் செய்தனர். வணிகத்தின் பொருட்டு வந்து செல்வோர் ஓர் ஊரில் இடுகாடு தேடுவதில்லை. பார்சியர் நிலம் பெற்ற செயல், அவர்களுள் சிலரேனும் அம்மண்ணிலேயே வாழ்ந்து முடியத் துணிந்துவிட்டனர் என்பதைக் காட்டுகின்றது. 1865ஆம் ஆண்டில் ஹாங்காங் ஷாங்காய் வங்கியை நிறுவ அமைந்த குழுவிலும் பார்சி வணிகர் இடம் பெற்றனர்.

அப்பார்சியருள் ஒருவர் டோராப்ஜி நௌரோஜி மிட்டாய்வாலா. மிட்டாய் விற்பவர் என்பது அவர் குடும்பப் பெயரின் பொருள். 1852ஆம் ஆண்டில், பயணக் கட்டணம் செலுத்த வழியின்றிச் சீனம் செல்லும் கப்பல் ஒன்றில் ஒளிந்துகொண்டு அவர் ஹாங்காங்கை அடைந்தார் என்று கூறுவர். அங்குச் சமையல் வேலை பார்த்து வாழ்க்கையைத் தொடங்கினார். பிறகு ரொட்டிக் கடை வைத்தார். தங்கும் விடுதிகளும் நடத்தினார்.

ஹாங்காங் தீவுக்கும், எதிர்க்கரையில் உள்ள கௌலூன் பகுதிக்கும் இடையே கடல் குறுக்கிடுகின்றது. அக்காலத்தில் மக்கள் சம்பான் என்னும் சிறு படகுகளில் துடுப்பு வலித்துக் கடந்தனர். காற்றும் அலையும் மிகுந்த நாளில் பயணம் நின்றுவிடும். இருகரையிலும் தொழில் நடத்திய நௌரோஜி இத்துன்பத்தை நன்கு உணர்ந்தவர். நீராவிப் படகு ஒன்றை ஒழுங்காக ஓட்டினால் தமக்கும் ஊருக்கும் பயனாகும் என்று கண்டார். 1888ஆம் ஆண்டில் கௌலூன் படகுக் கழகத்தை நிறுவினார். விடிவெள்ளி என்னும் பொருள்படும் 'மார்னிங் ஸ்டார்' என்னும் படகு இருகரைக்கும் இடையே ஓடலாயிற்று. நிலக்கரி ஏற்றும் நாள்களில் அது ஓடாது. ஏனைய நாள்களில் நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரையிலான இடைவெளியில் மக்களை ஏற்றிச் சென்றது. பத்து ஆண்டுகளுக்குள் நான்கு படகுகள் ஆயின. நான்கின் பெயரும் விண்மீனைக் குறிக்கும் 'ஸ்டார்' என்னும் சொல்லிலேயே முடிந்தன. 1898ஆம் ஆண்டில் நிறுவனம் கைமாறியபோது 'ஸ்டார் படகுக் கழகம்' என்றே பெயர் பெற்றது. நௌரோஜி இந்தியா திரும்பி, 1904ஆம் ஆண்டில் காலமானார்.

கடலுக்கடியில் சுரங்கச் சாலை 1972ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதுவரை தொழிலாளரும், எழுத்தரும், மாணவரும், வணிகரும் நாள்தோறும் அப்படகுகளையே பெரிதும் நம்பியிருந்தனர். 1966ஆம் ஆண்டில் முதல் வகுப்புக் கட்டணத்தை ஐந்து சென்ட் உயர்த்த முயன்றபோது நகரில் கலகமே மூண்டது. அத்துணை அளவிற்கு அப்படகு மக்கள் வாழ்க்கையோடு பிணைந்துவிட்டது. சுரங்கச் சாலைகளும் தொடர்வண்டிகளும் வந்துவிட்ட இன்றும் ஸ்டார் படகுகள் குறைந்த கட்டணத்தில் கடலைக் கடந்துகொண்டுதான் இருக்கின்றன.

நௌரோஜி கரையையும் கரையையும் இணைத்தார் எனில், கல்விக்கு வாயில் திறந்தவர் ஹோர்முஸ்ஜி நௌரோஜி மோடி ஆவார். இவர் 1838ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்தவர். இருபது வயதையொட்டிய இளமையில் ஹாங்காங் வந்தவர். அபின் ஏலம் நடத்திய இந்திய வணிகரிடம் பணியாளராக அமர்ந்தார்; பிறகு தாமே அபின் வாணிகம் செய்தார். பின்னர்ப் பால் சாட்டர் என்னும் ஆர்மீனிய வணிகரோடு கூட்டுச் சேர்ந்து பங்குத் தரகு, நிலம் ஆகிய தொழில்களில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வர் ஆனார். கௌலூன் பகுதி நகரமாக வளர்ந்ததில் இவ்விருவர்க்கும் பெரும்பங்கு உண்டு. அங்குள்ள மோடி சாலை அவர் பெயர் தாங்கியதே.

ஹாங்காங்கின் ஆளுநராக விளங்கிய பிரெடரிக் லுகார்டு, அங்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். கருத்தைப் பாராட்டினோர் பலர். பொருள் தர முன்வந்தோர் சிலர். அந்நிலையில், 1908ஆம் ஆண்டில், கட்டடத்திற்காக 1,50,000 டாலரும் பிற செலவுகளுக்காக 30,000 டாலரும் தருவதாக மோடி அறிவித்தார். ஒருவர் தொடங்கியதும் மற்றவர் தயக்கமும் நீங்கிற்று. சீன வணிகரும் ஆங்கிலேய வணிகரும் பொருள் வழங்கினர். 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாளில் அடிக்கல் நாட்டப்பட்டது. மோடிக்குச் சர் பட்டமும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. ஆனால் கட்டடம் எழுந்து முடிந்ததை அவர் காணவில்லை. 1911ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் காலமானார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாளில் ஹாங்காங் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது.

அங்கு முன்பே நடைபெற்று வந்த மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையாயிற்று. சீனத்தில் குடியரசை மலரச் செய்த சுன் யாட் சென் அக்கல்லூரியில் 1892ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றவர். அவர் 1923ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் பேரவை மண்டபத்தில் நின்று, தம் அறிவு பிறந்த இடம் அதுவே என்று மாணவரிடம் கூறினார். 1921ஆம் ஆண்டு முதல் பெண்களும் அங்குக் கல்வி பயிலத் தொடங்கினர்.

இங்கு ஒன்றைச் சிந்தித்தல் தகும். மோடியின் செல்வத்திற்கு வித்து அபின் வாணிகம். அபினால் அழிந்த சீனக் குடும்பங்களின் துன்பத்தை எந்தக் கொடையும் ஈடு செய்ய இயலாது. எனினும், அவ்வாணிகத்தால் வளம் பெற்றோர் அந்நாளில் பலர். அவர்களுள் பெரும்பாலோர் ஈட்டியதைக் கட்டிக்கொண்டு தத்தம் நாடு திரும்பினர். மோடியோ தம் பொருளின் ஒரு பகுதியை அம்மண்ணிலேயே விட்டுச் சென்றார். சீன இளைஞர் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆவதற்கு அது பயன்பட்டது. கொடை பழைய தீங்கை அழித்துவிடாது. ஆனால் பொருள் எங்கே சேர வேண்டுமோ அங்கே சிறிதேனும் சேர்ந்தது என்று அமைதி கொள்ளலாம்.

மோடியின் பொருள் வாணிகத்தில் வந்து கல்வியில் சேர்ந்தது. ரத்தன்ஜி குடும்பத்தாரின் கொடையோ துயரத்தில் பிறந்தது. ஹோர்முஸ்ஜி ரத்தன்ஜி 1884ஆம் ஆண்டில் ஹாங்காங் வந்து மது வாணிகம் நடத்தினார். அவர் மகன் ஜஹாங்கீர் ரத்தன்ஜி இளமையிலேயே தந்தையிடம் வந்து சேர்ந்து, அத்தொழிலைப் பெருக்கினார். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுவடிக்கும் ஆலை ஒன்றையும் நிறுவினார்.

1941ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாளில் ஹாங்காங் சப்பானியர் வசமாயிற்று. உணவுப் பஞ்சம் நகரை வாட்டியது. சப்பானியரிடம் சிறைப்பட்டோர் பசியால் மெலிந்தனர். ஜஹாங்கீர் தம் சமூகத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தம் கட்டடத்தில் இடமளித்தார். சிறை முகாம்களில் இருந்தோர்க்கு மறைவாக உணவுப் பொதிகளை அனுப்பினார். செய்தி வெளிப்பட்டது. அவரும் அவர் மகன் தூனும் சிறையில் அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். ஆயினும் உயிர் தப்பினர்.

அந்நாள்களில் ஜஹாங்கீரின் மகள் தெமி காசநோயால் இறந்தார். எலும்புருக்கி நோய் என்று மக்கள் அஞ்சிய அந்நோய் அப்போது ஹாங்காங்கில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று வந்தது. போருக்குப் பின் சீனப் பெருநிலத்திலிருந்து அகதிகள் திரள்திரளாக வந்து குவிந்தனர். ஓர் அறையில் பலர் நெருங்கி வாழ்ந்தனர். ஒருவர் இருமினால் வெளிப்படும் நோய்க்கிருமி அருகில் உள்ளோர் நுரையீரலையும் பற்றியது.

தம் மகளைக் கொன்ற நோயை எதிர்த்துப் போரிடுவதே அவளுக்குச் செய்யத்தக்க நினைவுக் கடன் என்று ஜஹாங்கீர் துணிந்தார். 1948ஆம் ஆண்டில் காசநோய் எதிர்ப்புச் சங்கம் அமைவதற்கு முதன்மையாக நின்றார். வான்சாய் பகுதியில் இருந்த பழைய கடற்படை மருத்துவமனையை அரசு அளித்தது. ஜஹாங்கீரின் பெரும்பொருளால் அது சீர் செய்யப்பெற்று, 1949ஆம் ஆண்டில் ரத்தன்ஜி சானடோரியமாகத் திறக்கப்பட்டது. அயர்லாந்து நாட்டுக் கொலம்பன் சபைக் கன்னியர் அதனை நடத்தினர். மருத்துவரான சகோதரி மேரி அக்வினாஸ் அங்குப் பல ஆண்டுகள் தொண்டாற்றிக் காசநோய் வல்லுநராகப் புகழ் பெற்றார். கொடையளித்தவர் பார்சி, தொண்டு புரிந்தவர் கிறித்தவர், நலம் பெற்றவர் சீனர்.

காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டபின்னும் ஓர் இடையூறு இருந்தது. மருந்தை ஓராண்டுக்கும் மேலாக இடைவிடாது உட்கொள்ளுதல் வேண்டும். சிறிது நலம் கண்டதும் நோயாளர் மருந்தை நிறுத்திவிடுவர். கிருமி வலுப்பெற்று மீண்டும் எழும். இதற்குத் தீர்வு காண உலகின் பல இடங்களில் ஆராய்ச்சி நடைபெற்றது. சென்னைச் சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், வீட்டில் இருந்தவாறே மருந்துண்ட நோயாளரும் சானடோரியத்தில் தங்கியோரைப் போலவே நலம் பெறுவர் என்று நிறுவிக் காட்டியது. அதற்குத் துணைநின்ற பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவே ஹாங்காங்கிலும் ஆய்வுகள் நடத்தியது. செவிலியர் கண்முன்னே, வாரத்தில் சில நாள் மட்டும் மருந்துண்டு, ஆறு மாதங்களில் நோய் தீரும் முறை அங்கு ஆராயப்பட்டு வெற்றி கண்டது. அவ்வாய்வுகளில் ரத்தன்ஜி சானடோரியத்தாரும் பங்கு கொண்டனர். இவ்வாறு ஒரு தந்தையின் துயரத்தில் பிறந்த நிலையம் பிற நாட்டு நோயாளர்க்கும் பயன்பட்டது.

ஜஹாங்கீர் 1960ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மகன் தூன் ரத்தன்ஜி ஹாங்காங் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்து பணியாற்றினார். காசநோய் குறைந்துவிட்டமையால் 1991ஆம் ஆண்டில் சானடோரியம் எல்லா நோய்க்கும் உரிய பொது மருத்துவமனை ஆயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. வான்சாய் மக்கள் இன்றும் ரத்தன்ஜி மருத்துவமனைக்கே செல்கின்றனர்.

1997ஆம் ஆண்டில் ஹாங்காங் ஆங்கிலேயரிடமிருந்து சீனத்திற்குத் திரும்பியது. ஆட்சி மாறியபோதும் பார்சியர் அங்கு வாழ்ந்து வருகின்றனர். லெய்ட்டன் சாலையில் அவர்களுடைய சமூகக் கட்டடமும் வழிபாட்டுக் கூடமும் உள்ளன. ஹேப்பி வேலி இடுகாட்டில் கல்லறைகள் அமைதியாக வரிசை கொண்டு நிற்கின்றன. அவற்றுள் மோடியின் கல்லறையும் ஒன்று. பிறப்புக் குறைந்து வருவதால் உலகெங்கும் பார்சியர் தொகை சுருங்கி வருகின்றது. ஹாங்காங்கிலும் அக்கவலை இல்லாமல் இல்லை.

எனினும் ஒரு சமூகத்தின் அளவை மக்கள் தொகையால் மட்டும் காணுதல் பொருந்தாது. ஸ்டார் படகில் அமர்ந்து கடல் கடக்கும் மூதாட்டிக்கு நௌரோஜியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். பல்கலைக்கழகப் படிகளில் ஏறும் மாணவன் மோடியை நினையாமல் இருக்கலாம். மருத்துவமனையில் நலம் பெறுவோர் தெமியைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆயினும் படகு கரை சேர்க்கின்றது, மாணவன் கற்கின்றான், நோய் தீர்கின்றது. கிண்ணத்துப் பாலில் கரைந்த சருக்கரை கண்ணுக்குத் தெரிவதில்லை. பருகுவோர் நாவே அதனை உணரும். வேற்று மண்ணில் வாழும் சிறு கூட்டத்தார், ஈட்டியதைப் பொதுவாக்கும்போது அம்மண்ணுக்கு உரியவர் ஆகின்றனர் என்பதை ஹாங்காங் பார்சியர் வரலாறு காட்டுகின்றது.